தையலுக்கு விட்ட நிழல்

ஒரு கன்னத்தை மொட்டைமாடித் தரையில் ஒட்டவைத்து, ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு, மறு கண்ணால் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே முடிகிறது என்று பார்க்கிறார் டெய்லர். முடியும் இடம் பிடிபட்டதும் நீல மார்க்கிங் சாக்கால் சர்ரென்று ஒரு கோடு. உடனே கழுத்தில் தொங்கும் டேப்பை உருவி, கோட்டிலிருந்து தொட்டி வரைக்கும் ஓர் அளவு. அதே அளவு இன்னொரு தடவை. மனசு கேட்காமல் மூன்றாவது தடவை. அப்புறம்தான் காதில் செருகிய பென்சில் கீழே இறங்குகிறது; அளவு நோட்டில் எழுதிக்கொள்கிறார்: "தொட்டி. பகல் 12. நீளம் நாலே கால். அகலம் மூணு." இதற்கு முந்தைய பக்கத்தில் இருப்பது ஒரு பேங்க் மேனேஜரின் இடுப்பளவு. இரண்டையும் ஒரே பயபக்தியோடுதான் எழுதியிருக்கிறார்.

ஐந்து மாதமாக இது நடக்கிறது. காலை ஒன்பது, பகல் பன்னிரண்டு, பிற்பகல் மூன்று என்று நாளைக்கு மூன்று வேளை. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கூட ஒரு வேளை மறப்பார்கள், இவர் மறந்ததில்லை. மழை வந்து கோட்டை அழித்துவிட்டால் மறுநாள் முதலிலிருந்து போடுவார். கீழே கடையில் ஒருவர் பாதி அளவு கொடுத்தபடி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பார். "கொஞ்சம் அப்படியே இருங்க, நிழல் நகர்ந்துடும்" என்று சொல்லிவிட்டு டெய்லர் மாடிப்படி ஏறிவிடுவார். பழைய வாடிக்கையாளர்கள் கையை இறக்கிவிட்டு பேப்பர் படிக்க ஆரம்பிப்பார்கள். புதிதாக வந்தவர்கள் தூக்கிய கையோடு நிற்பார்கள், பாவம்.

தெருவில் இவருக்குப் பெயர் "பார்த்துச்சொல்றேன்". பேன்ட் எப்போது கிடைக்கும் என்று கேட்டால், "பார்த்துச் சொல்றேன்." டீ குடிக்கிறீர்களா என்றாலும், "பார்த்துச் சொல்றேன்." நேரம் என்ன என்று கேட்டவரிடமும் ஒருமுறை அதையே சொல்லிவிட்டு, அப்புறம் நிஜமாகவே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு நேரத்தைச் சொன்னார். கல்யாணப் பேச்சு வந்தபோதும் இதே கதைதான் என்று அவர் மனைவி சொல்வார். "நாலு மாசம் பார்த்தாரு. அஞ்சாவது மாசம் எங்கண்ணன் வந்து, 'உமக்கு வேணுமா வேணாமா'ன்னு சட்டையைப் பிடிக்காத குறையா கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தாரு."

சோம்பேறி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது பாவம். முப்பது வருஷத்தில் ஒரு துணியைக்கூட அவர் கெடுத்ததில்லை. கெடுத்தது எல்லாம் அதற்கு முன்னால், இன்னொருவர் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில். அவசரப்பட்டு ஒரு கோட்டுத் துணியை இரண்டு அங்குலம் குறைத்து வெட்டிவிட்டார். நல்ல கனமான துணி, எவரோ ஆசையாக வாங்கிக் கொடுத்தது. அந்த மனிதர் திட்டவில்லை, அடிக்கவில்லை. துணியைக் கையில் வாங்கி மடித்துக்கொண்டு பேசாமல் போய்விட்டார். அந்த முதுகு இன்னும் டெய்லரின் கண்ணில் நிற்கிறது. "வாயால சொன்னதை மாத்திக்கலாம். வெட்டினதை ஒட்டவா முடியும்?" என்பார்.

அதனால்தான் அவர் உள்ளே துணி விடுவதில் மகா தாராளம். மற்ற டெய்லர்கள் தையலுக்குக் கால் அங்குலம் விட்டால் இவர் அரை அங்குலம் விடுவார். இடுப்பில் இரண்டு. பள்ளிக்கூட யூனிஃபார்ம் என்றால் கேட்கவே வேண்டாம், கீழ் மடிப்பில் இன்னொரு யூனிஃபார்ம் ஒளிந்திருக்கும். "வளர்ற பிள்ளை" என்று ஒரே வார்த்தையில் வழக்கை முடித்துவிடுவார். வளர்ந்து முடித்து மூக்குக் கண்ணாடி போட்ட ஆட்களுக்கும் இதே கருணைதான். "மனுஷன் அப்படியேவா இருப்பான்? ஒண்ணு வளருவான், இல்லை பெருப்பான்." பத்து வருஷத்துக்குப் பிறகு தொப்பையோடு வந்து, அதே பேன்ட்டைப் பிரித்து விட்டுக்கொண்டு போகிறவர்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிடுவதும் உண்டு.

வீட்டின் முன்னறைதான் தையல் கடை. மெஷின் சுவரைப் பார்த்துப் போட்டிருக்கும். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை. அங்கே ஃபிரிட்ஜ் உயரத்துக்கு ஒரு கரண்ட் ஓவன், நீள மேஜை, மாவு மூட்டை, நடுவில் அவர் மனைவி. தெருவுக்கு அவர் "பன் அக்கா". காலையில் மாவு பிசைந்து, பத்து மணிக்கு ஓவனைப் போட்டு, இரண்டு மணிக்குள் இருநூறு பன் எடுத்து, நாலு மணி டீக்கு முன்னால் கடைகளுக்கு அனுப்பிவிடுவார். அவருக்கு எல்லாமே வெட்டு ஒன்று துண்டு இரண்டு. மாவை உருட்டும்போது தராசு வைத்துக்கொள்ளமாட்டார். கை சொல்வதுதான் கணக்கு, இருநூறும் ஒரே எடை இருக்கும். இப்படி ஒரு பெண்மணிக்கு இப்படி ஒரு மனிதர்!

இருபத்திரண்டு வருஷமாக இவர்கள் குடும்பம் நடத்துவது சுவர் வழியாகத்தான். இவர் மெஷினை மிதித்துக்கொண்டே கத்துவார், அவர் மாவை அடித்துக்கொண்டே பதில் கத்துவார்.

"ஏம்மா, அந்த வெள்ளை நூல்கண்டைப் பார்த்தியா?"

"உங்க மடியில பாருங்க!"

"மடியில இல்ல!"

"அப்ப மெஷினுக்குக் கீழ!"

"ம்... இருக்கு."

"நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கேன், எனக்குத் தெரியுது. உங்களுக்குத் தெரியல!"

அளவு கொடுக்க வந்தவர்களும் நடுநடுவே பஞ்சாயத்துக்கு வருவார்கள். யார் வீட்டில் என்ன விசேஷம், யாருக்கு என்ன உடம்பு எல்லாமே அந்தச் சுவரைத் தாண்டித்தான் போய்வரும். பேச ஒன்றும் இல்லாதபோதும் டெய்லர் அரை மணிக்கொரு தடவை "ஏம்மா" என்பார். "என்னங்க" என்று வரும். "ஒண்ணுமில்ல" என்று மறுபடி மிதிக்க ஆரம்பிப்பார்.

வினை வந்தது கரண்ட் பில் உருவத்தில். பில் வருகிற நாளெல்லாம் அதை நீட்டிப் பிடித்து, சுவரைப் பார்த்துச் சத்தமாக வாசிப்பது டெய்லரின் கெட்ட பழக்கம். வாசித்துவிட்டு, "ஓவன் நல்லா ஓடுது போல" என்று ஒரு வாலையும் ஒட்டுவார். திட்டுவதாக அவருக்கு நினைப்பு இல்லை, வாயில் வருவதுதான். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் அப்படி வாசித்தபோது அந்தப் பக்கமிருந்து பதிலே வரவில்லை. மாவு அடிக்கிற சத்தம்கூட நின்றுபோயிற்று. அது எப்பேர்ப்பட்ட அமைதி என்று அன்றைக்கு அவருக்கு உறைக்கவில்லை.

சரியாக அந்த வாரத்தில்தான் பக்கத்து வீட்டு சலூன்காரர் தன் மாடியில் சோலார் பேனல் போட்டார். போட்டது பெரிசில்லை; அதைப் போனில் காட்டுவதுதான் அவருக்கு வேலையாகிவிட்டது. முகத்தில் சோப்பு பூசிய ஆளிடம்கூட, "இதோ பாருங்க, இந்த நிமிஷம் எவ்வளவு கரண்ட் வருதுன்னு" என்று போனை மூக்கருகே நீட்டுவார். கையில் கத்தி இருப்பதால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

"நீங்களும் போட்டுருங்க டெய்லர். மேல வெயில் சும்மாதானே கொட்டுது?"

டெய்லர் வானத்தைப் பார்த்தார். தன் மாடியைப் பார்த்தார். பின்பக்க வீட்டு மரம் ஒன்று கைப்பிடிச் சுவருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு நின்றது.

"பார்த்துச் சொல்றேன்" என்றார். மறுநாள் ஒன்பது மணிக்குச் சாக்கோடு மேலே ஏறினார்.

வெயிலை அளந்தது போதாதென்று ஊர் அபிப்பிராயத்தையும் அளந்தார். குண்டூசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, "கையைத் தூக்குங்க... உங்க வீட்ல சோலார் இருக்கா? மூச்சை விடுங்க... எப்படி இருக்கு?" என்பார். ஒருவர், போட்ட நாளிலிருந்து ராஜா மாதிரி இருக்கிறேன் என்றார். இன்னொருவர் புறா எச்சம் துடைத்தே தோள்பட்டை போயிற்று என்றார். மூன்றாமவர் போடவே இல்லை. ஆனால் அவரிடம்தான் அபிப்பிராயம் அதிகம் இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு டெய்லர் தலையாட்டுவார். அன்று எடுத்த அளவில் மட்டும் கைநீளத்துக்கு நேராக "புறா" என்று எழுதியிருந்தது.

நாலு மாத அளவு சேர்ந்ததும், தனக்குத் தெரிந்த வழியில் அதைத் தீர்க்க உட்கார்ந்தார். பழுப்புக் காகிதம் விரித்து, அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு வைத்து, மாடியை அப்படியே வரைந்தார். தொட்டியின் நிழல் தனியாக, மரத்தின் நிழல் தனியாக, எதிர் வீட்டு மாடி அறையின் நிழல் தனியாக, சட்டைக்குக் கையும் காலரும் வெட்டுகிற மாதிரி காகிதத்தில் வெட்டினார். பேனலுக்கும் அளவு கேட்டு அதே மாதிரி துண்டுகள். நிழல் துண்டுகளை மாடிக் காகிதத்தின் மேல் வைத்து, மீதி இடத்தில் பேனல் துண்டுகளை அடுக்கிப் பார்த்தார். ஓவனுக்கு ஆறு பேனலாவது வேண்டும் என்று சலூன்காரர் சொல்லியிருந்தார். இவர் எப்படிப் புரட்டிப் போட்டாலும் ஒன்றரைதான் உட்கார்ந்தது.

சோலார் கம்பெனிக்குப் போன் போட்டார். "அரை பேனல் கிடைக்குங்களா?"

"அரை பேனலா?" என்றது அந்தப் பக்கம். அப்புறம் போன் கட்டாகிவிட்டது.

போனில் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த சலூன்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அது என்ன துணியா டெய்லர், அரை மீட்டர் கிழிச்சுக் கொடுக்க?"

சிரித்தால் சிரிக்கட்டும் என்று டெய்லர் ஐந்தாவது மாதத்து அளவை ஆரம்பித்தார். ஆறாவது மாதமும் பார்த்துவிட்டால் தெளிவு வந்துவிடும் என்பது அவர் எண்ணம்.

அதற்குள் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டுக்குக் கழுத்தில் கைவைத்தால் டேப்பைக் காணோம். மெஷினுக்கு அடியில் இல்லை, அயர்ன் பாக்ஸ் பக்கத்தில் இல்லை, மடியிலும் இல்லை. "ஏம்மா, டேப்பைப் பார்த்தியா?" என்றார். பதில் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தார். ஓவன் ஓடிக்கொண்டிருந்தது, ஆள் இல்லை. ஒரு மணிக்குப் பன் அக்கா வாசல் வழியாக வந்தார். கைப்பையைத் திறந்து டேப்பை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"எங்கே போயிருந்த?"

"மார்க்கெட்டுக்கு. ஒரு கடை பார்த்தேன். ஓவன் நிக்குமான்னு அளந்தேன். நிக்கும்."

"கடையா? எதுக்கு?"

"வாடகையோட கரண்ட்டும் சேர்த்தியாம். யாரும் பில்லைச் சத்தமா வாசிக்க மாட்டாங்க. மாசக் கடைசிக்குள்ள சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

"அளக்க எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டார் டெய்லர். ஏன் அதைக் கேட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

"பத்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டு அவர் ஓவனைப் பார்க்கப் போய்விட்டார்.

மாசக் கடைசிக்குப் பதினோரு நாள் இருந்தது. டெய்லர் மெஷினில் உட்கார்ந்தார். எதிரே சுவர். அதன் அந்தப் பக்கம் ஓவனும் இல்லை, மாவுச் சத்தமும் இல்லை, "என்னங்க" இல்லை என்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். காலையில் எட்டு மணிக்குக் கிளம்பிச் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வருவாள். நடுவில் பத்து மணி நேரம் இவர் யாரைப் பார்த்து "ஒண்ணுமில்ல" என்பார்? அன்று சாயங்காலம் பேங்க் மேனேஜர் சட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "காலர் உள்பக்கமா திரும்பியிருக்கே?" என்றார். முப்பது வருஷத்தில் முதல் தடவை. டெய்லருக்கு அழுகையே வந்துவிட்டது. மேனேஜர்தான் பதறிப்போய், பரவாயில்லை, இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று சமாதானம் சொன்னார்.

மறுநாள் காலையில் ஒன்பது மணிக்கு அவர் மாடிக்குப் போகவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டார். அரை பேனல் ஆசாமி என்று குரலிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். "ஆளை அனுப்புங்க. இன்னைக்கே" என்றார். அவர் வாயிலிருந்து "இன்னைக்கே" என்று ஒரு சொல் வந்ததை சலூன்காரர் தன் கடையில் இருந்த எல்லாருக்கும் சொன்னார்.

வந்தது இருபத்தைந்து வயதுப் பெண். கையில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கருவி. அதைச் சுவரைப் பார்த்துப் பிடித்தார், ஒரு சிவப்புப் புள்ளி ஓடிப்போய் எதிர்ச் சுவரில் உட்கார்ந்தது, அளவு வந்துவிட்டது. மாடி முழுக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. டெய்லருக்கு அந்தப் புள்ளியை மிதிக்கவேண்டும் போல இருந்தது.

"நிழல் எல்லாம் நானே அளந்து வெச்சிருக்கேன்மா" என்று பழுப்புக் காகிதக் கட்டை அவிழ்த்தார். பன் அக்காவும் கையில் மாவோடு மாடிக்கு வந்து ஓரமாக நின்றுகொண்டார்.

அந்தப் பெண் குனிந்து பார்த்தார். பார்க்கப் பார்க்கக் கண் விரிந்தது. "அஞ்சு மாசமா, மூணு வேளையுமா? எங்க கம்பெனியில யாரும் இப்படிச் செஞ்சதில்ல சார்" என்றார். டெய்லருக்கு நெஞ்சு ஓர் அங்குலம் விரிந்தது. அப்புறம் அந்தப் பெண் தொட்டி நிழலைக் கையில் எடுத்து, தரையிலிருந்த சாக் கோட்டையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், தொட்டி நிழல் கோட்டுல நாலேகால் அடி இருக்கு. பேப்பர்ல அஞ்சேகால் இருக்கே. நாலு பக்கமும் அரை அங்குலம் எக்ஸ்ட்ராவா ஒரு கோடு போட்டிருக்கீங்க. இது என்னது?"

"அது தையலுக்கு விட்டதும்மா."

"தையலுக்கா?"

"ஆமா. தையலுக்கு விடாம யாராவது வெட்டுவாங்களா?"

"நிழலை எதோட சார் தைக்கப் போறீங்க?"

டெய்லர் அந்தத் துண்டைக் கையில் வாங்கினார். திருப்பிப் பார்த்தார். கை வெட்டியது, மனசு எங்கேயோ இருந்தது. முப்பது வருஷமாகக் காகிதத்தில் கத்தரி வைத்தால் அந்த அரை அங்குலம் தன்னால் வந்துவிடும். அவர் விடுவதில்லை, அதுவாக விட்டுக்கொள்ளும்.

"சரி, மரத்துக்கு ரெண்டு அங்குலம் விட்டிருக்கீங்களே? அப்படின்னா மாடியில ரெண்டு அடி."

"அது கீழ் மடிப்பு" என்றார் டெய்லர், குரல் இறங்கிப்போய். "வளர்ற மரம்ல..."

பன் அக்கா மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

"மரம்கூடப் போகட்டும் சார். பேனலுக்கும் சுத்தி ஒரு அடி விட்டிருக்கீங்க."

"கொஞ்சம் லூசா இருந்தா நல்லதுதானேன்னு..."

அவ்வளவுதான். பன் அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஐயோ, மரத்துக்கு யூனிஃபார்ம் தைச்சிருக்காரே! அஞ்சு மாசமா வெயில்ல படுத்து உருண்டு சூரியனுக்கே லூசு விட்டிருக்காரே!" மூக்கிலும் கன்னத்திலும் மாவு. பக்கத்து மாடியில் சலூன்காரரின் தலை தெரிந்து மறைந்தது. தெருவுக்குப் போதுமான செய்தி கிடைத்துவிட்டது.

டெய்லர் மட்டும் சிரிக்கவில்லை. கத்தரியை எடுத்து வரச்சொல்லி, அங்கேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு நிழலிலும் தையலுக்கு விட்டதை வெட்டி எடுத்தார். மரத்தின் மடிப்பை வெட்டும்போது மட்டும் கை தயங்கியது. "வருஷத்துக்கு ஒரு தடவை அந்த வீட்டுக்காரர்கிட்ட கேட்டுக் கிளையை வெட்டிவிட்டாப் போதும் சார்" என்று அந்தப் பெண் சொன்ன பிறகு அதையும் வெட்டினார். பேனல் துண்டுகளையும் ஒட்ட வெட்டி அடுக்கியபோது ஆறு உட்கார்ந்தது. ஏழாவதுக்கும் ஓரமாக இடம் இருந்தது.

அப்புறம் அந்தப் பெண் ஒரு படிவத்தை எடுத்தார். "கரண்ட் அதிகமா செலவாகறது எந்த நேரம்?"

டெய்லர் வாயைத் திறப்பதற்குள் பன் அக்கா, "பத்துல இருந்து ரெண்டு. ஓவன்" என்றார்.

"அப்படியா? அந்த நேரம்தான்க்கா நல்ல வெயில். சாயங்காலம் மட்டும் கரண்ட் தேவைப்படுறவங்களுக்கு நான் யோசிச்சுப் போடுங்கன்னுதான் சொல்வேன். உங்களுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு." மாடியையே வளைத்து வளைத்து அளந்தவருக்கு, ஓவன் எப்போது ஓடுகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. ஐந்து மாதமும் அது சுவருக்கு அந்தப் பக்கம் பத்து மணிக்கு ஆரம்பித்து இரண்டு மணிக்கு நின்றுகொண்டுதான் இருந்தது.

"ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன். லைன்ல கரண்ட் போச்சுன்னா, பேட்டரி இல்லாம இதுவும் நிக்கும்."

"நின்னா மாவு இன்னும் கொஞ்சம் பொங்கும். பொங்கட்டும்" என்றார் பன் அக்கா.

"கடைசிக் கேள்வி சார். பேனல் இருபத்தஞ்சு வருஷம் உழைக்கும். போட்ட காசு திரும்பவே சில வருஷம் ஆகும். அதனால கேக்கணும், இந்த வீட்டுல இன்னும் எத்தனை வருஷம் இருப்பீங்க?"

டெய்லர் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. காகிதத் துண்டுகளைப் பார்த்தபடி சொன்னார்: "அதை அவளைக் கேளும்மா. அவ மார்க்கெட்டுக்குப் போறா. அவ இல்லாம நான் அந்தச் சுவரைப் பார்த்துக்கிட்டு எத்தனை நாள் உட்காருவேன்னு எனக்குத் தெரியாது. பயமா இருக்கு. தப்பா அளந்துட்டா அவ ஓவன் நின்னுபோகும், அவ பேசாம எழுந்து போயிடுவான்னு பயந்து பயந்தே அளந்தேன். அளந்துக்கிட்டே இருந்ததுலதான் அவ போறா."

பன் அக்கா முந்தானையால் முகத்து மாவைத் துடைத்தார்.

"இதைச் சொல்ல அஞ்சு மாசமாங்க?"

"பில்லை இனிமே வாசிக்க மாட்டேன்" என்றார் டெய்லர். "போட்டுடலாம். ஆறு பேனல். ஆறும் முழுசா."

முதல் தடவையாக அந்த மனிதர் ஒரு பதிலை அந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறார். எந்தப் பெண்ணாக இருந்தாலும் அந்த நிமிஷமே உருகிப்போயிருப்பாள். பன் அக்கா எழுந்து நின்று, புடவையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டார்.

"நான் பார்த்துச் சொல்றேன்" என்றார். சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அடுத்த மூன்று நாள் டெய்லர் பட்ட பாடு, அவரிடம் பேன்ட் தைக்கக் கொடுத்தவர்கள் எல்லாரும் பட்டதுதான். காலையில் சுவரைப் பார்த்து, "ஏம்மா, பார்த்துட்டியா?" என்பார். "பார்த்துக்கிட்டே இருக்கேன்" என்று வரும். மத்தியானம் கேட்டால், "ஓவன் சூடு ஏறட்டும்." சாயங்காலம் கேட்டால், "நாளைக்கு வாங்க." அளவு கொடுக்க வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். ஒருவர் மட்டும், "இப்ப தெரியுதா எங்க கஷ்டம்?" என்று கேட்டேவிட்டார். டெய்லருக்குத் தூக்கம் போயிற்று, பசி போயிற்று. மார்க்கெட் பக்கமிருந்து யார் வந்தாலும், கையில் சாவி இருக்கிறதா என்று பார்த்தார்.

நாலாம் நாள் காலை பத்து மணிக்கு வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. இரண்டு ஆட்கள் இறங்கி ஏணியை இறக்கினார்கள். "டெய்லர் வீடுதானே? அம்மா வரச்சொல்லிப் போன் பண்ணாங்க" என்றார் மெக்கானிக். டெய்லர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து ஏணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். யாரும் பிடிக்கச் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மாவு அடிக்கிற சத்தம் எப்போதும்போலக் கேட்டுக்கொண்டிருந்தது.

மேலே வேலை இரண்டு நாள் நடந்தது. பேனல் எங்கே உட்காரவேண்டும் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவரும் போய்ச் சொல்லவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் வயர் கீழே வந்தது. மீட்டர் தையல் கடையில், ஓவன் சமையலறையில். நடுவில் இருக்கிற சுவரில் ஓர் ஓட்டை போடவேண்டும் என்றார் மெக்கானிக். டிரில் உறுமியது. மெஷின் மேல் செங்கல் தூள் கொட்டியது. முதலில் போட்ட ஓட்டை ஓவன் சூட்டுக்கு நேராகத் திறந்ததால் அதை விட்டுவிட்டு, ஒரு சாண் தள்ளி இன்னொன்று போட்டு வயரை அதில் நுழைத்தார்கள்.

"இதைப் பூசிடட்டுங்களா?" என்று வீணாய்ப்போன ஓட்டையைக் காட்டிக் கேட்டார் மெக்கானிக். கரண்டியில் சிமென்ட்டை அள்ளித் தயாராகத்தான் இருந்தார். கட்டைவிரல் தடிமனுக்கு ஓர் ஓட்டை. அதன் வழியாக ஓவன் சூடும், வெந்துகொண்டிருக்கிற பன் வாசமும் வந்துகொண்டிருந்தன.

"ஏங்க" என்று அந்தப் பக்கமிருந்து பன் அக்காவின் குரல் கேட்டது. கத்தவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிற குரல். "தூள் கண்ணுல பட்டுச்சா?"

மெக்கானிக் கரண்டியோடு ஓர் அடி முன்னால் வந்தார். டெய்லர் வலது உள்ளங்கையை அந்த ஓட்டையின் மேல் பரப்பி வைத்துக்கொண்டார்.